போர் முடிஞ்ச ஒரு ஊரை எப்படிப் படிக்கிறது: ஃப்ரீடவுன் கேஸ் ஸ்டடி எடுக்குறவங்களுக்கு

ஆர்க்கிடெக்சர், பிளானிங், சோஷியல் ஒர்க் படிக்கிற பசங்க நிறைய பேர் "போருக்குப் பிறகு நகர வளர்ச்சி"ன்னு தலைப்பு எடுத்துட்டு, ஆப்பிரிக்கால ஒரு ஊர் சொல்லுங்கன்னு கேக்குறாங்க. நான் சொல்றது எப்பவும் ஃப்ரீடவுன் தான், சியரா லியோனோட தலைநகரம். காரணம் என்னன்னா அந்த ஊரைப் பத்தின தகவல் நிறைய வெளிப்படையா கிடைக்குது, மாநகராட்சியோட திட்டம், வரி சீர்திருத்தம், குடிசைப் பகுதி சர்வே எல்லாமே படிக்கலாம். இன்னொரு காரணம், அங்க ஜெயிச்ச விஷயமும் இருக்கு, முட்டிக்கிட்டு நிக்குற விஷயமும் இருக்கு, ரெண்டையும் ஒரே ஊர்ல பாக்கலாம்.

பொதுவா எல்லாரும் முதல்ல திட்ட அறிக்கையைத் திறந்து அதுல இருக்குற இலக்குகளை அப்படியே எழுத ஆரம்பிச்சிடுறாங்க, அப்படிப் பண்ணாதீங்க. முதல்ல நிலத்தைப் பாருங்க, அடுத்து அந்த நிலத்துல வீடு கட்ட யார் கையெழுத்து போடுறாங்கன்னு பாருங்க, திட்டம் அதுக்கு அப்புறம். ஃப்ரீடவுன்ல வெள்ளம், நிலச்சரிவு, குப்பை, தண்ணி எல்லாமே கடைசியில இந்த ரெண்டு கேள்வியில தான் வந்து நிக்கும்.

காலக்கோடு போடுறப்போ மக்கள்தொகையைப் பக்கத்துலயே எழுதுங்க

போர் 1991 மார்ச்ல கிழக்கு எல்லையில ஆரம்பிச்சுது, 2002 ஜனவரில முடிஞ்சதா அறிவிச்சாங்க. நடுவுல 1999 ஜனவரி 6 அன்னைக்கு கலகப்படை ஃப்ரீடவுனுக்குள்ளயே நுழைஞ்சிடுச்சு, ஊரோட கிழக்குப் பக்கம் பெரிய அழிவு. (2000 ஜூலைல கைலாஹுன்ல சுத்தி வளைக்கப்பட்ட நம்ம இந்திய அமைதிப்படை வீரர்களை மீட்டது, ஆபரேஷன் குக்ரின்னு சொல்லுவாங்களே, அதுவும் இந்தப் போர்ல தான்.) இதெல்லாம் எல்லா தீசிஸ்லயும் வரும். இதோட பக்கத்துல ஃப்ரீடவுன் சென்சஸ் எண்ணை எழுதுங்க: 1985ல 4,69,776, 2004ல 7,72,873, 2015ல 10,55,964.

இப்ப கழிச்சுப் பாருங்க. போர்க்காலம் முழுசும் உள்ள வர்ற அந்த 19 வருஷத்துல (1985-2004) கூடினது சுமார் 3 லட்சம். போர் முடிஞ்ச பிறகு வெறும் 11 வருஷத்துல கூடினது சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம். போர் தான் ஜனங்களை ஊருக்குள்ள தள்ளுச்சு, அமைதி வந்தா திரும்பிப் போயிடுவாங்கன்னு நிறைய அறிக்கைல ஒரு நினைப்பு ஓடும், ஆனா இந்தக் கணக்கு அதுக்கு நேர் எதிரா நிக்குது. கிராமத்துல வீடு எரிஞ்சு போச்சு, பத்து வருஷம் டவுன்ல இருந்துட்டாங்க, பசங்க இங்கயே பொறந்து ஸ்கூல் போறாங்க, சந்தையில ஒரு இடம் பிடிச்சாச்சு, அப்புறம் எங்க திரும்பிப் போறது. வந்தவங்க சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்தாங்க. அதனால அவங்களை "இடம்பெயர்ந்தவங்க"ன்னே கடைசி வரைக்கும் எழுதாதீங்க, அவங்க அந்த ஊர்க்காரங்க தான். தற்காலிகமா இருக்காங்கன்னு நினைச்சுத்தான் பைப்பும் வடிகாலும் போடாம வருஷக்கணக்கா விட்டிருக்காங்க.

மேப்: சரிவும் கடலோரமும்

ஃப்ரீடவுன் ஒரு தீபகற்பத்துல இருக்கு, ஒரு பக்கம் கடல், கழிமுகம், பின்னாடி உடனே செங்குத்தா காட்டு மலை. நடுவுல இருக்குற சமதளம் ரொம்ப குறுகல், அது எப்பவோ நிரம்பிப் போச்சு. ஸோ புதுசா வர்றவங்களுக்கு ரெண்டே வழி, மேல மலைச்சரிவு, இல்ல கீழ கடலோரம்.

கூகுள் எர்த்ல பழைய படங்களைக் காட்டுற டைம் ஸ்லைடர் இருக்குல்ல, அதை எடுங்க. ரீஜென்ட்ங்குற மலைப்பகுதியைத் தேடி, பெரிய நிலச்சரிவு நடந்த 2017க்கு முன்னாடி ஒரு வருஷம், பின்னாடி ஒரு வருஷம் மாத்தி மாத்திப் பாருங்க. சுகர் லோஃப் மலைல மேல இருந்து கீழ வரைக்கும் செம்மண் நிறத்துல ஒரு பெரிய தழும்பு தெரியும். அந்தத் தழும்பு எங்க முடியுதுன்னு கீழ இறங்கிட்டே போனீங்கன்னா பாபடோரி ஓடை வழியா லம்லி வரைக்கும் போகும். இதை உங்க கையால ஒரு தடவை வரைஞ்சு பாருங்க, அப்ப தான் புரியும், மலைல வீடே கட்டாத ஜனங்களும் கீழ ஓடைக்கரைல செத்துப் போயிருக்காங்கன்னு.

அடுத்து கடலோரம், காக்கிள் பே, க்ரூ பே, சூசன்ஸ் பே. இங்க ஸ்லைடரை முன்னும் பின்னும் நகர்த்தினா கரை கடலுக்குள்ள நகர்ந்து போறது தெரியும். ஜனங்களே நிலத்தை உண்டாக்குறாங்க, அங்க அதுக்குப் பேரு பேங்கிங். கல்லு, பழைய டயர், மண்ணு நிரப்பின மூட்டை வெச்சு தண்ணிக்குள்ள ஒரு வரப்பு மாதிரி கட்டுவாங்க, உள்ள குப்பையும் சேறும் கொட்டி நிரப்புவாங்க, மேல மண்ணு போட்டு மிதிச்சு இறுக்குவாங்க, அப்புறம் தகரத்துல ஒரு வீடு, பான் பாடின்னு சொல்லுவாங்க. எவ்வளவு உழைப்பு பாருங்க. ஆனா அதுக்காக அலையாத்தி மரம் போகுது, அலையைத் தடுக்குறதும் மீன்குஞ்சு வளர்றதும் அங்க தான், கீழ குப்பை மேல மண்ணுன்னு இருக்குற தரை மழைல உள்வாங்குது. க்ரூ பேல இன்னும் மோசம், குரோக்கடைல், அலிகேட்டர்னு பேரு வெச்ச ரெண்டு ஓடையும் சேர்ந்து கடல்ல கலக்குற இடத்துல தான் அந்தக் குடியிருப்பே இருக்கு, மேல ஊர்ல போடுற குப்பை பூரா அங்க தான் வந்து சேருது, மழைக்காலம் வந்தா வீட்டுக்குள்ள தண்ணி.

ஒரு விஷயம் கவனிங்க, மழை மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும், ஜூலை ஆகஸ்ட்ல தான் உச்சம். நீங்க பாக்குற சாட்டிலைட் படம் பெரும்பாலும் மேகம் இல்லாத வறட்சிக் காலத்துல எடுத்தது, அதுல எல்லா ஓடையும் காஞ்சு சாந்தமா இருக்கும், அதை நம்பி வடிகால் சேப்டர் எழுதிடாதீங்க.

2017 ஆகஸ்ட் 14ஐ ஒரே காரணத்துல அடைக்காதீங்க

அன்னைக்குக் காலையில மலை சரிஞ்சதுல செத்தவங்க, காணாமப் போனவங்க சேர்த்து 1,141 பேர். நிறைய பேர் இதுக்கு "காடழிப்பு"ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டு அடுத்த பக்கம் போயிடுறாங்க, எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும். ஜூலை 1ல இருந்து ஆகஸ்ட் 13 வரைக்கும் பேஞ்ச மழை 1,040 மில்லிமீட்டர், வழக்கமா அந்த நாட்கள்ல பேயுறதைவிட மூணு மடங்கு. சரிவு ஏற்கனவே செங்குத்து. அங்க காட்டை வெட்டி வீடு கட்டிட்டே போனாங்க, கட்டினதுல ஏழைங்க மட்டும் இல்ல, பெரிய பங்களாவும் அந்த மலைல நிறைய. ஓடையோட பாதை வீடுகளால குறுகிப் போச்சு. எச்சரிக்கை சொல்ற ஏற்பாடும் பலமா இல்ல. இத்தனையும் ஒண்ணா சேர்ந்தது. அதனால காரணத்தை எழுதுறப்போ ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "இதை யாரால மாத்த முடியும்"னு எழுதிப் பாருங்க. மழையை மாத்த முடியாது. ஓடைக்கரைல வீடு கட்ட அனுமதி குடுக்குறதை ஒருத்தரால மாத்த முடியும்.

அந்த ஒருத்தர் யாருன்னு கண்டுபிடிங்க

என்னைக் கேட்டா இந்த கேஸ் ஸ்டடியோட உயிரே இங்க தான் இருக்கு. சியரா லியோன்ல 2004ல உள்ளாட்சிச் சட்டம் வந்துச்சு, போருக்குப் பிறகு அதிகாரத்தைக் கீழ பிரிச்சுக் குடுக்கணும்னு தான். குப்பை, சந்தை, சொத்து வரி மாதிரி வேலையெல்லாம் ஃப்ரீடவுன் மாநகராட்சி கையில. ஆனா நிலம், கட்டிட அனுமதி மத்திய அரசோட நில அமைச்சகத்து கையிலயே தங்கிடுச்சு. அதாவது சரிவுல வீடு கட்ட அனுமதி குடுக்குறது ஒரு ஆபீஸ், அந்த வீட்டால ஓடை அடைச்சு வெள்ளம் வந்தா சேறு அள்ளுறது இன்னொரு ஆபீஸ். ரெண்டும் ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

இதுல அரசியலையும் சேர்த்துப் படிங்க. 2018ல மேயரா ஜெயிச்ச இவோன் அகி-சாயர் ஒரு கட்சி, அதே வருஷம் ஜனாதிபதியான ஜூலியஸ் மாடா பியோ அதுக்குப் போட்டியான கட்சி. 2023லயும் இதே நிலைமை தான். மேயர் 2019 ஜனவரில டிரான்ஸ்ஃபார்ம் ஃப்ரீடவுன்னு ஒரு திட்டம் வெளியிட்டாங்க, 11 துறை, 19 இலக்கு. அதை இப்ப எடுத்துப் படிங்க, ஒவ்வொரு இலக்குக்கும் எதிர்ல "மாநகராட்சியால தனியா முடியும்", "மத்திய அரசு கையெழுத்து வேணும்"னு ரெண்டு கட்டம் போட்டு டிக் பண்ணுங்க. எது நகர்ந்துச்சு எது நகரலைங்குறதுக்கு பாதி விளக்கம் அந்தத் தாள்லயே கிடைச்சிடும்.

நிலப் பத்திரத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு. நாட்டோட மத்த மாகாணங்கள்ல நிலம் குடும்பம், தலைவர்னு வழக்கப்படி போகுது, ஃப்ரீடவுன் இருக்குற மேற்குப் பகுதியில மட்டும் பத்திரம் போட்டு வாங்குற தனியார் நிலம், அரசு நிலம். வெளியூர்ல இருந்து ஓடி வந்த ஜனங்களுக்கு இந்த முறையில நுழையவே வழி இல்ல, அதனால அரசு நிலத்துல உக்காந்தாங்க. அப்படி உக்காந்தவங்களுக்கு எந்த நேரமும் எழுப்பிடுவாங்கன்னு பயம், பயம் இருக்குறவங்க கல்லு வீடு கட்ட மாட்டாங்க, கக்கூஸுக்கு காசு போட மாட்டாங்க.

பணம்: சொத்து வரியை நிதானமா படிங்க

நிலைச்ச வளர்ச்சின்னு நூறு பக்கம் எழுதிட்டு பணம் எங்க இருந்து வரும்னு ஒரு பாரா கூட இல்லாத தீசிஸ் நிறைய பாத்திருக்கேன். ஃப்ரீடவுன்ல இதுக்கு அருமையான உதாரணம் இருக்கு. பழைய முறைல கட்டிடத்தோட பரப்பளவை வெச்சு வரி போட்டாங்க, தகர ஷெட்டும் மார்பிள் பங்களாவும் ஒரே சைஸா இருந்தா கிட்டத்தட்ட ஒரே வரி. பதிவேட்டுல இல்லாத கட்டிடமே ஏகப்பட்டது. மாநகராட்சி என்ன பண்ணாங்கன்னா சாட்டிலைட் படத்துல ஒவ்வொரு கூரையா எண்ணினாங்க, அப்புறம் ஆள் அனுப்பி வெளிய நின்னு பாக்குறதை மட்டும் குறிச்சாங்க: கூரை எதுல செஞ்சது, ஜன்னல் கண்ணாடியா, சுத்துச்சுவர் இருக்கா, ரோடு தார் ரோடா, தண்ணி கனெக்‌ஷன் இருக்கா. ஒவ்வொண்ணுக்கும் புள்ளி, அதைக் கூட்டி மதிப்பு. யாரும் வீட்டுக்குள்ள போக வேண்டாம், விலையைக் கேக்க வேண்டாம், லஞ்சம் வாங்குற இடமும் குறையுது. பதிவேடு சுமார் 57,000 கட்டிடத்துல இருந்து 1,20,000க்கு மேல போச்சு, சின்ன வீட்டுக்காரங்க வரி இறங்குச்சு, பெரிய வீட்டுக்காரங்க வரி ஏறுச்சு. 2020ல அமலுக்கு வந்த கொஞ்ச நாள்லயே மத்திய அரசு இதை நிறுத்தி வெச்சு விதிமுறை வரட்டும்னு சொல்லிட்டாங்க, அப்புறம் தான் மறுபடி நகர்ந்துச்சு. போன பகுதில சொன்ன கையெழுத்துப் பிரச்சினை இங்கயும் வந்து நிக்குது பாருங்க.

இதை நீங்களே செஞ்சு பாக்கலாம். ஒரு தெருவோட படங்களை எடுத்து பத்து வீட்டுக்குப் புள்ளி போடுங்க, எந்த அம்சம் வெளிய இருந்து தெரியுது எது தெரியலைன்னு எழுதுங்க. தீசிஸ்ல அந்த ஒரு பக்கம் நிக்கும்.

மரம் நடுறதைப் பத்தி எழுதுறப்போ நட்ட எண்ணிக்கையோட நிக்காதீங்க

2017க்கு அப்புறம் மாநகராட்சி பத்து லட்சம் மரம்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, ஃப்ரீடவுன் த ட்ரீடவுன்னு பேரு, 2020ல இருந்து நட ஆரம்பிச்சாங்க, முதல் மூணு மழைக்காலத்துலயே அஞ்சு லட்சத்தைத் தாண்டிடுச்சு. இதுல என்னைக் கவர்ந்தது எண்ணிக்கை இல்ல, பராமரிப்பு முறை. அந்தந்தப் பகுதி ஆட்களே, நிறைய இளைஞர்களும் பெண்களும், கன்னு நடுறாங்க, ஒவ்வொரு கன்னுக்கும் ஒரு அடையாள எண், ஃபோன்ல ட்ரீடிராக்கர்னு ஒரு ஆப்ல படமும் இருக்குற இடமும் பதியணும். அப்புறம் திரும்பத் திரும்ப அதே கன்னுகிட்ட போய் தண்ணி ஊத்தி, களை எடுத்து, மறுபடி படம் எடுக்கணும். படம் சரியா இருந்தா ஃபோனுக்கு பணம் வரும். கன்னு செத்துட்டா பணம் இல்ல. நம்ம ஊர்லயும் பாக்குறோம், நட்ட அன்னைக்கு ஃபோட்டோ எடுத்து மறு வாரமே ஆடு தின்னுடும், இங்க ரெண்டாவது வருஷத்துக்கும் சேர்த்து சம்பளம் வெச்சிருக்காங்க.

ஆனா இன்னொரு பக்கத்தையும் எழுதணும். கீழ கன்னு நடுற அதே காலத்துல மேல மலைல பழைய காட்டை வெட்டுறது நிக்கல. 1995ல இருந்து இருக்குற டகுகாமா சிம்பன்சி சரணாலயம், 2025 மே மாசம் சுத்திலும் ஆக்கிரமிப்பு நடக்குதுன்னு எதிர்ப்பு தெரிவிச்சு பார்வையாளர்களுக்குக் கதவை மூடிட்டாங்க. ஊருக்குத் தண்ணி குடுக்குற குமா அணையும் இதே காட்டுக்குள்ள தான் இருக்கு, 1960கள்ல அப்ப இருந்த சின்ன ஊருக்காகக் கட்டினது. காடு போனா அணைக்கு வர்ற தண்ணியும் போகும். நட்ட கன்னையும் வெட்டுன காட்டையும் ஒரே பக்கத்துல வெச்சுக் காட்டுங்க, அப்ப தான் நேர்மையா இருக்கும்.

குப்பை, வெயில் பத்தி சுருக்கமா சொல்றேன். டிரான்ஸ்ஃபார்ம் ஃப்ரீடவுன் திட்டம் போட்டப்போ பாதுகாப்பா அகற்றப்பட்ட திடக்கழிவு 21 சதவீதம், கழிவுநீர் 6 சதவீதம் தான், 60 ஆக்கணும்னு இலக்கு. ஊருக்குள்ளயே ரெண்டு பெரிய குப்பைமேடு, கிங்டம்ல ஒண்ணு, கிரான்வில் ப்ரூக்ல ஒண்ணு, ரெண்டுலயும் பொறுக்கிப் பிழைக்குறவங்க இருக்காங்க. இளைஞர் குழுக்களுக்கு மூணு சக்கர வண்டி குடுத்து வீடு வீடா எடுக்க வெச்சாங்க, ஏன்னா லாரி போகாத சந்து தான் அதிகம். வெயிலுக்குன்னு 2021ல யூஜினியா கார்க்போன்னு ஒரு அதிகாரியை நியமிச்சாங்க, ஆப்பிரிக்காலயே முதல் தடவை, திறந்தவெளிச் சந்தைகள்ல பெண் வியாபாரிகள் தலைக்கு மேல நிழல் கூரை போட்டாங்க. காய்கறி வாடுறது குறைஞ்சா அது நேரா அவங்க வருமானம்.

"வேற இடத்துக்கு மாத்திடலாம்"னு எழுதுறதுக்கு முன்னாடி

பரிந்துரை சேப்டர்ல தொண்ணூறு சதவீதம் பேர் எழுதுற வரி இது. 2015 செப்டம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் சிலரை ஊருக்கு வெளிய மைல் 6ங்குற இடத்துக்குக் கொண்டு போனாங்க. அங்க மீன் இல்ல, சந்தை இல்ல, டவுனுக்கு வர்ற போடா-போடா வேன் காசே கூலில பெரிய பங்கைத் தின்னுடும், நிறைய பேர் திரும்பி வந்துட்டாங்க. ஸோ நீங்க மாத்தணும்னு எழுதினா கூடவே ஒரு கணக்கு போடுங்க, ஒரு நாளைக்கு ஒரு பொம்பளை வியாபாரிக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பஸ் காசு, பிள்ளையை யார் பாத்துக்குறது. அந்தக் கணக்கு ஒத்து வரலைன்னா இருக்குற இடத்துலயே என்ன சரி பண்ணலாம்னு யோசிங்க: ஓடைக்கரையை ஒட்டுன முதல் வரிசையை மட்டும் பின்னாடி தள்ளுறது, தீயணைப்பு வண்டி நுழையுற அகலத்துக்கு ஒரு சந்து திறக்குறது. 2021 மார்ச்ல சூசன்ஸ் பேல தீப்பிடிச்சு 7,000 பேருக்கு மேல வீடிழந்து நின்னப்போ அந்த நெருக்கத்துல சந்தோட அருமை தெரிஞ்சுது.

இதுக்கான வேலையை அந்த ஜனங்களே நிறைய செஞ்சு வெச்சிருக்காங்க. நகர்ப்புற கிராமப்புற ஏழைகள் கூட்டமைப்புன்னு சேமிப்புக் குழுக்கள் சேர்ந்த அமைப்பு, ஃபெடர்ப்னு சொல்லுவாங்க, வீடு வீடா போய் எத்தனை பேர், எத்தனை கக்கூஸ், எங்க வெள்ளம் நிக்குதுன்னு அவங்களே கணக்கெடுத்திருக்காங்க. ஸ்லர்க்ங்குற நகர ஆராய்ச்சி மையம் காக்கிள் பே, ட்வோர்சார்க் ரெண்டு இடத்துக்கும் குடியிருக்குறவங்களோட உக்காந்து பகுதித் திட்டமே போட்டிருக்கு. உங்க சர்வே ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க, ஏற்கனவே சொன்ன பதிலையே மறுபடி மறுபடி கேட்டு அவங்க நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கிகாலியோட ஒப்பிடுறது

கைடு கண்டிப்பா கேப்பாங்க, ருவாண்டாவோட தலைநகரம் கிகாலி இவ்வளவு சுத்தமா இருக்கே இவங்களால ஏன் முடியலைன்னு. கிகாலில மாசாமாசம் கடைசி சனிக்கிழமை உமுகாண்டா (ஜனங்க சேர்ந்து செய்யுற பொதுவேலை), 2008லயே பிளாஸ்டிக் பை தடை, மாஸ்டர் பிளான், ஈரநிலத்தை மீட்டு 2022ல திறந்த ந்யாண்டுங்கு பூங்கா, எல்லாம் நிஜம் தான். ஆனா அங்க மத்திய அரசும் நகர அரசும் ஒரே கை, முடிவு எடுத்தா உடனே நடக்கும், பன்யாஹே குடிசைப் பகுதி ஜனங்க காசா நஷ்டஈடு கேட்டும் அவங்களை புசான்சா அடுக்குமாடிக்கு மாத்துனதும் அதே வேகத்துல தான். ஃப்ரீடவுன்ல வாக்குவாதம் உண்டு, எதிர்க்கட்சி மேயர் உண்டு, வேகம் கம்மி. ஒப்பிடுங்க, ஆனா யார் என்ன இழந்தாங்கங்குறதையும் ஒரு பத்தியா சேருங்க. எனக்கு ரெண்டு ஊருமே முழுப் பதில் இல்ல.

கடைசியா, நேர்ல போற வாய்ப்பு கிடைச்சா வறட்சிக் காலத்துல ஒரு தடவை, முடிஞ்சா மழைல ஒரு தடவை போங்க, தனியா குடியிருப்புக்குள்ள போகாதீங்க, அந்தப் பகுதித் தலைவர்கிட்டயும் சேமிப்புக் குழு பெண்கள்கிட்டயும் முதல்ல சொல்லிட்டுப் போங்க, வீட்டுக்குள்ள கேமரா வேண்டாம். போரைப் பத்தி நீங்களா ஆரம்பிக்காதீங்க, அவங்களா சொன்னா கேளுங்க. கிரியோ மொழில பேசத் தெரிஞ்ச உள்ளூர் மாணவரைக் கூட வெச்சு, அவருக்கு நியாயமான கூலி குடுங்க. முடிச்சதும் உங்க பரிந்துரைகளை ரெண்டு பக்கத்துல சுருக்கி, ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து யாருது, பணம் யாருது, அடுத்த அஞ்சு வருஷம் பராமரிப்பு யாருதுன்னு மூணு வரி சேர்த்து, காலேஜ்ல சப்மிட் பண்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு அனுப்புங்க. ஏப்ரலுக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி பாத்துக்கோங்க, மே வந்தா மழை ஆரம்பிச்சிடும், அப்ப அவங்களுக்கு ஓடை தூர் வாருற வேலை தான் முதல்ல.